கனடா ஸ்பொன்சருக்கு லோயர் தேவையா? டவுன் ஏஜென்சியில் ஆறு லட்சம் கேட்கிறார்கள்

டிக்கோயா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் டிக்கோயா பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அவர் என் மாமா மகன். 77 கலவரத்துக்குப் பிறகு மாமா குடும்பம் வவுனியாப் பக்கம் போய்க் குடியேறிவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்தவர், இப்போது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறார். பி.ஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்துவிட்டது. இனி என்னை ஸ்பொன்சர் பண்ண வேண்டும்.

டவுனில் ஒரு ஏஜென்சிக்கு அப்பாவுடன் போனேன். ஆறு லட்சம் கேட்டார்கள், பாதியை முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். "கனடாவில் எங்கள் லோயர் இருக்கிறார், அவர் எல்லாம் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். லோயருடைய பெயரைக் கேட்டேன், அது அலுவலக ரகசியமாம். ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நல்லவேளை, அன்று கையில் கொப்பிதான் இருந்தது.

என் பிறப்புச் சான்றிதழில் பெயர் "லெ" என்று தொடங்குகிறது, ஐடியிலும் பாஸ்போட்டிலும் "ல". அப்பாவுடைய பெயரும் சான்றிதழில் ஒரு மாதிரி, அவருடைய ஐடியில் வேறு மாதிரி. பெற்றோர் மணமானவர்களா என்ற கூட்டில் "இல்லை" என்று எழுதியிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்கள், பதிவு செய்யவில்லை. இதையெல்லாம் பார்த்துவிட்டு, "புது பர்த் சேர்ட்டிபிகேட் ஒன்று எடுத்துத் தருகிறோம், அதற்குத் தனியாக எழுபதாயிரம்" என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

லோயர் கட்டாயம் வேண்டுமா? வேண்டுமென்றால் இங்கே பிடிப்பதா, அங்கே பிடிப்பதா? மாமா மகனைக் கட்டினால் கனடாவில் பிரச்சினை என்று ஒருத்தர் சொன்னார், அது உண்மையா?


கம்பளைப் பையன்:

தங்கச்சி, அந்த ஆறு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள், முதலில் இது மனதில் இருக்கட்டும்.

நான் கம்பளையில் பிறந்தவன். பதினாறு வருடமாக இங்கே ஸ்காபரோவில் இருக்கிறேன். என் மனைவியை நானே ஸ்பொன்சர் பண்ணித்தான் கூப்பிட்டேன்.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 91ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல யாருக்கு உரிமை என்பதை அது சொல்கிறது. ஏதாவது ஒரு மாகாணத்தின் சட்டச் சங்கத்தில் பதிந்த சட்டத்தரணி, ஒன்டாரியோ மாகாணம் என்றால் அந்தச் சங்கத்தின் உரிமம் பெற்ற பராலீகல் என்ற சட்டப் பணியாளர், கியூபெக் மாகாணத்தின் நொத்தாரிசு, இல்லாவிட்டால் குடிவரவு குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியில் உரிமம் பெற்ற ஆலோசகர். அவ்வளவுதான். அந்தக் கல்லூரி 2021 நவம்பரில் பொறுப்பேற்றது. பெயர்தான் கல்லூரி, உண்மையில் அது ஆலோசகர்களைக் கண்காணிக்கும் சபை. இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் ஹட்டனில் இருந்தாலும் சரி, டொரொன்டோவில் இருந்தாலும் சரி, உங்கள் விண்ணப்பத்துக்காகக் காசு வாங்க முடியாது.

சட்டத்தரணிகளுக்கும் ஆலோசகர்களுக்கும் பொதுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. ஆளுடைய பெயரையும் உரிம எண்ணையும் நீங்களே அடித்துத் தேடுங்கள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பாதீர்கள். பதிவேட்டில் ஒரு தொலைபேசி எண் இருக்கும், விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு அதற்கு அழையுங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உண்மையான ஆலோசகர் ஒருவருடைய எண்ணைத் தன் எண்ணாகப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் சார்பில் ஒருவர் வேலை செய்தால் ஐ.எம்.எம் 5476 என்ற படிவத்தில் அவருடைய பெயர் இருக்க வேண்டும். "படிவத்தில் என் பெயர் வேண்டாம், நீங்களே செய்த மாதிரி அனுப்புவோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நாளைக்குப் படிவத்தில் ஒரு பொய் இருந்தால் கையெழுத்து உங்களுடையது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து வருடம் கனடாப் பக்கம் வர முடியாது.

லோயர் கட்டாயமா? இல்லை. சாதாரண கணவன் மனைவி விண்ணப்பத்தை நாமே நிரப்பலாம். படிவங்களும் வழிகாட்டியும் அரசாங்கத் தளத்தில் இலவசம். அரசாங்கக் கட்டணம் 2024 ஏப்ரலில் ஏற்றியபோது 1,205 கனடிய டொலர், கைரேகைக்கு இன்னும் 85. இடையில் மாறியிருக்கும், கட்டும் அன்று தளத்தில் பாருங்கள்.

மாமா மகனைக் கட்டுவது கனடாவில் சட்டப்படி செல்லும். அதை மறைக்கவே வேண்டாம். சின்ன வயதில் இருவரும் ஒரே வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம் இருந்தால் அதையும் வையுங்கள், உறவு உண்மை என்பதற்கு அது நல்ல சாட்சி. மனைவியை எடுக்க இவ்வளவு சம்பளம் வேண்டும் என்ற கணக்கும் பொதுவாக இல்லை. ஆனால் அவர் மூன்று வருடத்துக்கு உங்கள் செலவுக்குப் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும்.

இனி நான் மூன்று கேள்வி கேட்கிறேன், இதை வைத்துத்தான் லோயர் வேண்டுமா இல்லையா என்று சொல்ல முடியும். உங்கள் கணவருக்கு பி.ஆர் எப்படிக் கிடைத்தது? அவரை முன்பு வேறு ஒரு மனைவி ஸ்பொன்சர் பண்ணினாரா? அப்படியென்றால் பி.ஆர் கிடைத்து ஐந்து வருடம் கழியும்வரை அவர் இன்னொரு துணையை எடுக்க முடியாது. அவர் பி.ஆர் ஆகும்போதே உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? ஆகியிருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது பெரிய சிக்கல்.


பதுளை ஓய்வூதியர்:

மகள், நான் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலும் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கனடா விஷயம் எனக்குத் தெரியாது. உங்கள் பிறப்புச் சான்றிதழ் விஷயம் நன்றாகத் தெரியும்.

முதலில் அந்த எழுபதாயிரம். பிறப்புப் பதிவு ஒரு புத்தகத்தில் இருக்கிறது. சான்றிதழ் என்பது அந்தப் புத்தகத்தின் கொப்பி மட்டும்தான். புத்தகத்தை மாற்றாமல் "புதுச் சான்றிதழ்" என்று எதுவும் இல்லை. யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தால் அது பொய்ப் பத்திரம். தூதரகத்தில் இருந்து எங்கள் பகுதிக்குக் கடிதம் எழுதி, இந்தப் பதிவு எண் உண்மைதானா என்று கேட்பார்கள். எத்தனையோ கடிதத்துக்கு நானே பதில் எழுதியிருக்கிறேன். "பதிவில் இவ்வாறு இல்லை" என்று எழுதும்போது கை நடுங்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் எதிர்காலம் அதோடு போய்விடும் என்று தெரியும். ஆனால் புத்தகத்தில் இல்லாததை நான் எப்படி எழுதுவேன்?

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பெயர்க் குழப்பம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகம்தான் அறிக்கை பண்ணும். கிளாக்கர் ஐயா செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) அப்பன் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவார். செக்ரோலில் இருப்பது பேர் பதியும்போது கங்காணி சொன்ன பெயர். வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று, பாடசாலையில் வாத்தியார் திருத்தி எழுதியது இன்னொன்று. இதற்கு மேல் தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். லெட்சுமி, லட்சுமி, லக்சுமி என்று ஒரே பெயரை நூறு விதமாகப் பார்த்திருக்கிறேன். தப்பு உங்களுடையது இல்லை, உங்கள் அப்பாவுடையதும் இல்லை.

செய்ய வேண்டியது: பிறந்த இடத்துக்குப் பொறுப்பான பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பாருங்கள். எழுத்துப் பிழை, பெயர் மாற்றம் இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் இருக்கிறது. பழைய சாட்சி வேண்டும். பாடசாலையில் சேர்ந்தபோது பெயர் எழுதிய சேர்வு இடாப்பின் பிரதி, குழந்தையில் ஊசி போட்ட கார்ட், ஜாதகம், ஞானஸ்நானப் பத்திரம், எது இருந்தாலும் கொண்டுபோங்கள். அரச கட்டணம் சிறு தொகைதான், எழுபதாயிரம் இல்லை. காலம் எடுக்கும், திரும்பத் திரும்பப் போக வேண்டும், அதை மறைக்க மாட்டேன்.

மேலிருந்து கீழே போங்கள். முதலில் பிறப்புப் பதிவு, அதற்கு ஏற்ப ஐடி, ஐடிக்கு ஏற்ப பாஸ்போட், கடைசியில் கல்யாணப் பதிவு. நடுவில் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டால் குழப்பம் இன்னும் கூடும். உங்களுக்கு "லெ", "ல" மட்டும்தான் வித்தியாசம் என்றால், இரண்டும் ஒரே ஆள் என்று ஒரு சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து கொடுக்கும் கடிதம்) போதுமாக இருக்கலாம். அப்பாவுடைய பெயருக்கு என்ன செய்வது என்பது எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பொறுத்தது.

பெற்றோர் மணமானவர்களா என்ற கூட்டைப் பற்றி வெட்கப்படாதீர்கள். நம் தோட்டங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். உங்கள் கல்யாணம் செல்லுமா என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.


நிர்வாகி:

இந்த இழையில் ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். "100% விசா உத்தரவாதம், விசா வந்த பிறகு காசு" என்று தொலைபேசி எண்ணுடன் போட்டிருந்தார். விசா கொடுப்பது அந்த நாட்டு அதிகாரி, வேறு எவராலும் உத்தரவாதம் தர முடியாது. அந்த எண்ணை யாராவது எழுதி வைத்திருந்தால் அழைக்க வேண்டாம். சட்டத்தரணிகளின் பெயரையும் இங்கே பரிந்துரைக்க வேண்டாம், பதிவேட்டில் எப்படித் தேடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.


ஊவாக்காரன்:

டீச்சர், உங்களுக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால் நானும் கட்டியிருப்பேன். கட்டினேன், அதனால்தான் எழுதுகிறேன்.

2023இல் இங்கிலாந்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனேன். பண்டாரவளையில் ஒருத்தருக்குப் பதினெட்டு லட்சம். அம்மாவின் நகை, அக்காவின் நகை, சீட்டு, மிச்சம் வட்டிக்கு. ஸ்பொன்சர்ஷிப் சேர்ட்டிபிகேட் உண்மையானதுதான், விசாவும் உண்மையானதுதான். அரசாங்கத் தளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, எனக்கு ஸ்பொன்சர் தந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இருந்தது. போய் இறங்கினால் வேலை இல்லை. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. ஆறேழு மாதத்தில் அந்த நிறுவனத்தின் உரிமம் பறிபோனது. எனக்கு 60 நாள் என்று கடிதம் வந்தது. அதற்குள் வேறு ஸ்பொன்சர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும்.

அப்போதுதான் முதல் தடவையாகச் சரியான ஆலோசகர் ஒருவரிடம் போனேன். அங்கே குடிவரவு ஆலோசனை சொல்கிறவர் ஒன்றில் சொலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற சட்டத்தரணியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கத்தின் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி வரைக்கும் அதற்கு வேறு பெயர் இருந்தது. பதியாமல் ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். அந்த ஆலோசகர் அம்மா என் கடுதாசிகளை எல்லாம் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "வேலைக்கு நீ ஏன் காசு கொடுத்தாய்?" என்னிடம் பதில் இல்லை. இங்கே எல்லாரும் கொடுத்துத்தானே போகிறோம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இங்கிலாந்துச் சட்டம் இங்கிலாந்துக்குள் இருக்கும் ஆலோசகரைத்தான் பிடிக்கும். பண்டாரவளையில் கடை போட்டிருப்பவரை அது தொடாது. ஊரில் இருக்கும் ஏஜென்டிடம் காசு கொடுப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

வேறு ஸ்பொன்சர் கிடைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். கடன் இன்னும் ஓடுகிறது. 2025 ஜூலை 22இல் இருந்து வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. இப்போதும் ஊரில் "கெயார் விசா இருக்கிறது" என்று காசு கேட்பவர் இருந்தால் அது பச்சைப் பொய். தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.


மவுஸ்ஸாக்கலை அக்கா:

ஊவாத் தம்பி, உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன்.

மத்திய கிழக்குக்குப் போகிற நம் பெண்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். நான் குவைத்தில் எட்டு வருடம் இருந்தவள். ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். 1989 என்ற எண்ணுக்கு அழைத்து உரிம எண்ணைச் சொன்னால் உண்மையா என்று பார்த்துச் சொல்வார்கள். விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்து சொல்லும் புரோக்கரை நம்பாதீர்கள். அப்படிப் போனால் பணியகத்தில் பதிவு இருக்காது, காப்புறுதி இருக்காது, அடி வாங்கினால் கேட்க நாதி இருக்காது.


டிக்கோயா டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பதுளை ஐயா, அந்தக் கூட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

கம்பளை அண்ணா, உங்கள் கேள்விகளை அவரிடம் கேட்டேன். முன்பு கல்யாணம் ஆகவில்லை. பி.ஆர் கிடைத்த பிறகுதான் எங்கள் கல்யாணம். அவருக்கு பி.ஆர் கிடைத்தது அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு. கல்யாணத்துக்கு இலங்கைக்கு வந்தார், ஒரு மாதம் நின்றார். வருவதற்கு அங்கே உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போட் எடுத்தார். இதில் ஏதும் பிரச்சினையா? அவருடைய நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்து போகிறார்களாம்.


கம்பளைப் பையன்:

தங்கச்சி, பதற வேண்டாம். ஆனால் என் பதில் மாறுகிறது. முதலில் லோயர் தேவையில்லை என்றேன். உங்களுக்குத் தேவை. விண்ணப்பம் போடும் முன்பே தேவை.

அகதி என்று பாதுகாப்புக் கொடுப்பது, சொந்த நாட்டுக்குப் போனால் ஆபத்து என்ற அடிப்படையில். அதே ஆள் அந்த நாட்டின் பாஸ்போட்டை எடுத்து அந்த நாட்டுக்கே போய் வந்தால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அரசாங்கம் கேள்வி எழுப்ப முடியும். ஆங்கிலத்தில் செசேஷன் என்பார்கள். 2012 டிசம்பரில் சட்டம் மாறிய பிறகு, அந்த முடிவு வந்தால் அகதி நிலை மட்டும் இல்லை, பி.ஆரும் சேர்ந்தே போகும். கனடிய குடியுரிமை எடுத்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. பி.ஆரில் இருப்பவருக்கு எத்தனை வருடமானாலும் உண்டு.

நண்பர்கள் போய் வந்தார்கள் என்பது உண்மையாக இருக்கும். எல்லாருக்கும் கேள்வி வருவதில்லை. ஆனால் ஸ்பொன்சர் படிவத்தில் கல்யாணம் எங்கே நடந்தது, எத்தனை தடவை சந்தித்தீர்கள் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். குடியுரிமை விண்ணப்பத்திலும் பயணங்களை எழுத வேண்டும். மறைத்தால் அது தவறான தகவல், சொன்னால் கேள்வி வரலாம். எதை எப்போது போடுவது, ஏன் வந்தார் என்பதை எப்படி விளக்குவது என்று இந்த வழக்குகளைப் பார்த்துப் பழகிய சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். இது என்னால் சொல்லக்கூடியது இல்லை, இந்த இழையில் வேறு யாரும் சொல்லவும் வேண்டாம்.

இனி அவருடைய பயண விவரம் எதையும் இங்கே எழுதாதீர்கள். நிர்வாகி, டீச்சர் விரும்பினால் மேலே உள்ள பதிவில் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். லோயரிடம் சொல்வது ரகசியமாக இருக்கும், இணையத்தில் எழுதுவது அப்படி இருக்காது.

அவர் அங்கே செய்ய வேண்டியது: ஒன்டாரியோ சட்டச் சங்கத்துக்கு ஒரு பரிந்துரைச் சேவை இருக்கிறது. அதில் கேட்டால் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரைக் காட்டுவார்கள், முப்பது நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். குடிவரவு என்று மட்டும் சொல்லாமல் அகதிச் சட்டம், செசேஷன் என்று சொல்லிக் கேட்கட்டும். வீடு வாங்கும்போது கையெழுத்து வைத்த லோயர் தமிழர், தெரிந்தவர் என்பதற்காக அவரிடம் போக வேண்டாம். தமிழ் பேசுவது நல்லதுதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேலையைச் செய்திருக்கிறாரா என்பது. "இந்த மாதிரி எத்தனை கோப்பு பார்த்திருக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம், நல்ல லோயர் கோபப்பட மாட்டார். என்ன வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் வாங்க வேண்டும். அந்தச் சந்திப்பு முடியும்வரை அவர் மறுபடி இலங்கைக்கு டிக்கெட் போட வேண்டாம்.


லிந்துலை மகள்:

நான் நுவரெலியா மாவட்டத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணி. "இங்கே பிடிப்பதா, அங்கே பிடிப்பதா" என்று டீச்சர் கேட்டிருந்தார்.

கனடாச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஹட்டனிலோ கண்டியிலோ உள்ள எந்தச் சட்டத்தரணிக்கும் அங்கே பதிவு இல்லாவிட்டால் இல்லை. எங்களால் செய்யக்கூடியது சத்தியக்கடதாசி, பிரதிகளை உறுதிப்படுத்துவது, அற்றோணித் தத்துவம் (நமக்காகச் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), பதிவுத் திருத்தம் சிக்கலானால் நீதிமன்றம் போவது. இவற்றுக்கு எங்களிடம் வாருங்கள். காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978இன் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. நீதிமன்றங்கள் இருக்கும் பல ஊர்களில் அவர்களுக்குக் கிளை உண்டு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள். நம் ஆட்கள் அங்கே போவதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம்.

ஊவாத் தம்பிக்கு: காசு கொடுத்ததற்கு ரசீது, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, எது இருந்தாலும் அழிக்காதீர்கள். வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர் உரிமம் இல்லாதவர் என்றால் பணியகத்துக்கே முறைப்பாடு செய்யலாம், பொலிசுக்கும் போகலாம். வெட்கப்பட்டு வீட்டில் இருப்பதால்தான் அதே ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போகிறார்.


நானுஓயா:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டேன், அவுஸ்திரேலியாவுக்கு மாணவர் விசா. கொழும்பில் உள்ள கல்வி ஏஜென்ட் வங்கியில் காட்ட வேண்டிய காசை "ஏற்பாடு பண்ணித் தருகிறோம்" என்கிறார். இதற்கும் லோயர் வேண்டுமா? இன்னொன்று, தாத்தாவின் அப்பா திருச்சியில் இருந்து வந்தவர். எங்களுக்கு இந்தியாவின் ஓ.சி.ஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) கிடைக்குமா?


கம்பளைப் பையன்:

அவுஸ்திரேலியா என் தங்கை பார்த்த விஷயம், அவளிடம் கேட்டு எழுதுகிறேன். மாணவர் விசாவுக்கு லோயர் கட்டாயம் இல்லை. கல்வி ஏஜென்ட் கல்லூரியில் இடம் எடுத்துத் தரலாம், விசா ஆலோசனை சொல்வதற்குத் தனிப் பதிவு வேண்டும். பதிந்த முகவருக்கு ஏழு இலக்க எண் இருக்கும், அரசாங்கத் தளத்தில் தேடலாம். 2021 மார்ச்சில் இருந்து முழு உரிமம் உள்ள சட்டத்தரணிகள் அந்தப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள், அவர்களை அந்த மாநிலச் சட்டத்தரணிகள் பதிவில்தான் பார்க்க வேண்டும். வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2024 மேயில் இருந்து வருடத்துக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர், படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் வேறு. அதை "ஏற்பாடு" பண்ணுவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும் தம்பி. பொய்க் கணக்கு என்று பிடிபட்டால் மூன்று வருடத் தடை. வேண்டாம்.


பதுளை ஓய்வூதியர்:

ஓ.சி.ஐ பற்றி: இந்தியக் குடிமகனாக இருந்தவருக்கு, அல்லது 1950 ஜனவரி 26இல் அதற்குத் தகுதி பெற்றிருந்தவருக்கு மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை பொதுவிதியில் இடமிருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை கஷ்டம் உறவில் இல்லை, சாட்சியில். கொள்ளுத்தாத்தாவின் ஊர் இது என்று காட்டும் தாள் வேண்டும், அதன்பின் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புப் பத்திரம் வேண்டும். கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள்.

வீட்டில் தாத்தாவின் தகரப்பெட்டி இருந்தால் ஒரு தாளையும் எறியாதீர்கள். 1948இல் நம்மை நாடற்றவர்களாக்கினார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 9,75,000 பேரை இரண்டு நாட்டுக்கும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இங்கே 3,00,000, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. 2003இல்தான் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, 64இல் இருந்து இங்கேயே இருந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைத்தது. அந்த நாற்பது வருடத்தில் நம் மக்கள் பத்திரத்துக்காக அலைந்த அலைச்சலை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன். என் அப்பா அந்தப் பக்கம் நின்றவர். ஒரு தாள் இல்லை என்று சொல்லி ஒரு குடும்பத்தையே கப்பலேற்றிய காலம் அது. அதனால்தான் யாராவது பொய்ப் பத்திரம் வாங்கப் போகிறேன் என்றால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. உண்மையான தாளுக்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமா?


டிக்கோயா டீச்சர்:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அவர் சட்டச் சங்கத்தின் சேவை வழியாக ஒரு லோயரைச் சந்தித்தார். பதிவேட்டில் பெயரைத் தேடி, அங்கே இருந்த எண்ணுக்கு அழைத்துப் பேசித்தான் போனார். இரண்டாவது சந்திப்புக்குக் காசு கட்டினார், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறது. லோயர் என்ன சொன்னார் என்பதை அண்ணா சொன்ன மாதிரி இங்கே எழுதவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், இன்னும் விண்ணப்பம் போடவில்லை. தைப்பொங்கலுக்கு வர நினைத்திருந்தார், வரவில்லை. அத்தைக்கு அதில் கோபம், என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. எனக்கு இப்போது கொஞ்சம் தூக்கம் வருகிறது.

நான் இங்கே சும்மா இருக்கவில்லை. எனக்குச் சத்தியக்கடதாசி போதும் என்று பதிவாளர் சொன்னார், அதை முடித்துவிட்டேன். அப்பாவின் பெயருக்குத் திருத்தம் போட்டிருக்கிறேன். மூன்று தடவை போனேன். அப்பா படித்த பாடசாலையில் பழைய சேர்வு இடாப்பு இருந்தது. அதிபர் அலுமாரியைத் திறந்து ஒரு மணித்தியாலம் தேடி எடுத்துக் கொடுத்தார். அப்பாவின் பெயர் அதில் தெளிவாக இருக்கிறது. அப்பா அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

இரண்டு கேள்வி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். என் தம்பி ஆங்கில ஆசிரியர், அவன் செய்தால் போதுமா? எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை, முகவரியில் என்ன எழுதுவது?


கம்பளைப் பையன்:

தம்பி செய்யக் கூடாது. குடும்பத்தில் யார் செய்தாலும் ஏற்க மாட்டார்கள், அவர் எவ்வளவு நன்றாக ஆங்கிலம் படித்திருந்தாலும் சரி. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள், மூலப் பிரதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். கொடுப்பதற்கு முன் உங்கள் லோயரிடம் கேளுங்கள், எந்தெந்தத் தாள் என்று பட்டியல் தருவார். இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டாம்.


பதுளை ஓய்வூதியர்:

மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது பாஸ்போட்டின் கொப்பியையும் கூடவே கொடுங்கள் மகள், பெயரின் ஆங்கில எழுத்துக்களை அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் மனதுக்கு ஒரு எழுத்தைப் போட்டு, நாம் திருத்தியதெல்லாம் வீணாகிவிடும். அப்பாவின் திருத்தம் முடிந்து புதிய பிரதி வந்த பிறகு கொடுங்கள், இப்போது வேண்டாம்.

முகவரிக்கு ஐடியில் இருக்கும் தோட்டப் பெயர், டிவிசன் பெயர், தபால் நிலையம், அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று ஒன்றும் எடுத்து வையுங்கள். கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும் என்றால் ஆபீசில் கிளாக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே போய்ப் பாருங்கள்.


டிக்கோயா டீச்சர்:

சரி ஐயா. வியாழக்கிழமை பிரதேச செயலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் வருகிறேன் என்கிறார். போய் வந்து எழுதுகிறேன்.